இறந்தோரை எண்ணினோம், பிழைத்தோரைக் கேட்டோமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழா நாளிலே மங்கலமான பொருளைப் பேசுவதே நமது மரபு. தற்கொலைத் தடுப்பு ஆராய்ச்சி என்னும் இப்பொருளை மேடையேற்றலாமா என்று நிர்வாக சபையிலும் கேள்வி எழுந்தது. அச்சொல்லை உச்சரித்தாலே இளைஞர் மனத்தில் அது விதையாக விழுந்துவிடும் என்று அஞ்சும் பெரியோர் நம்மிடையே உளர். அவ்வச்சம் அன்பினால் எழுவது. அதனை நாம் இகழமாட்டோம். ஆயினும் அது உண்மைதானா என்று சோதித்துப் பார்த்தவர்களும் உளர். 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில், அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலுள்ள ஆறு உயர்நிலைப் பாடசாலைகளின் மாணவர் 2,342 பேரை இரு கூறாக்கினர். ஒரு கூற்றாரிடம் உயிரைவிடும் எண்ணம் வந்ததுண்டா என்று நேராகவே கேட்டனர். மற்றக் கூற்றாரிடம் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து இரு கூற்றாரையும் விசாரித்தபோது, கேட்கப்பட்டவர்களுடைய துயரம் கூடியிருக்கவில்லை. முன்னரே மனம் சோர்ந்திருந்த பிள்ளைகளோ, கேட்கப்பட்டதனால் ஓரளவு ஆறுதல் அடைந்தவர்களாகவே காணப்பட்டனர்.

பேசலாம். ஆனால் பேசும் முறை ஒன்று உண்டு. 1987ஆம் ஆண்டிலே வியன்னா நகரத்துப் பத்திரிகைகள், இத்தகைய மரணங்களைப் பெரிய தலைப்பிட்டு, விவரங்களைப் பரப்பி எழுதும் வழக்கத்தைக் கைவிட்டன. அதன்பின் அந்நகரில் அவ்வகை மரணங்கள் குறைந்தன. ஆகையால் எவர் இறந்தார், எப்படி இறந்தார் என்னும் கதை எதனையும் நாம் இங்கே சொல்லப்போவதில்லை. நாம் பேச விரும்புவது வேறொன்று. இத்துயரத்தைப் பற்றி உலகம் எவரிடம் கேட்டு அறிந்தது? எவரிடம் கேட்காமல் விட்டது?

பிரான்ஸ் தேசத்துச் சமூகவியல் அறிஞர் எமில் தூர்க்கைம் 1897இல் இப்பொருள் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். ஒருவருடைய தனிச்செயல் என்று தோன்றும் இது, சமூகத்தின் கட்டுக்கோப்பு இறுகுவதையும் தளர்வதையும் ஒட்டிக் கூடியும் குறைந்தும் வருவதை அரசாங்கங்களின் மரணக் கணக்கைக் கொண்டே அவர் காட்டினார். அவருக்குப் பின் மனநோய் மருத்துவர் வந்தனர். இறந்தவரின் உள்ளத்தில் என்ன நோய் இருந்தது என்று உறவினரை விசாரித்து எழுதினர். இரண்டும் பயனுள்ள பணிகளே. ஆனால் இரண்டிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. துன்பப்பட்டவரைப் பற்றிப் பிறர் பேசினர், துன்பப்பட்டவர் பேசவில்லை. சாவின் வாசல்வரை சென்று மீண்டு வந்தவர்களை நோயாளர் என்று கட்டிலில் கிடத்தினார்கள், குற்றவாளி என்று பொலிஸ் நிலையத்தில் நிறுத்தினார்கள். நமது நாட்டிலே 1998இல் சட்டம் திருத்தப்படும்வரை, பிழைத்தவர் சட்டத்தின் முன் குற்றவாளியே. சிறைக்குப் போகக்கூடியவனிடம் சென்று, “தம்பி, உன் மனத்திலே என்ன இருந்தது?” என்று கேட்டால் அவன் உண்மை சொல்வானா?

ஆகவே அக்காலத்துக் கடதாசிகளில் காரணங்கள் எல்லாம் ஒரே அச்சாகவே இருந்தன. தீராத வயிற்றுவலி, குடும்பத் தகராறு, காதல் தோல்வி. திடீர் மரண விசாரணை அதிகாரியின் முன்னே, அழுது வீங்கிய முகத்துடன் நிற்கும் தகப்பன், பிள்ளையின் பெயருக்கும் மற்றப் பெண்பிள்ளைகளின் கலியாணத்துக்கும் பழுது வராத காரணம் ஒன்றைத்தான் சொல்வார். அதை நாம் பொய் என்றும் சொல்லமாட்டோம். அந்தச் சின்னப் பெட்டிக்குள் அடங்கக்கூடியது அவ்வளவுதான்.

இனி நமது இலங்கையின் கதைக்கு வருவோம். உலகமே திரும்பிப் பார்க்கும் கதை இது. 1950ஆம் ஆண்டளவில் இந்நாட்டில் ஓர் இலட்சம் பேருக்கு ஆறு அல்லது ஏழு பேரே இவ்விதம் இறந்தனர். 1995இல் அது 47 ஆயிற்று. அக்காலத்தில் உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று அது. இன்று ஏறத்தாழ 15. இந்த ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் என்ன காரணம் என்று பலர் பலவாறு கூறினர். போர் என்றனர், வேலையின்மை என்றனர், சமயப்பற்றுக் குறைந்தது என்றும் சிலர் கூறினர். சமயப்பற்று 1995இல் குறைந்து 2005இல் கூடியது என்று எவரும் நிறுவியதாக நமக்குத் தெரியவில்லை.

காரணத்தின் பெரும்பகுதி கமக்காரர் வீட்டுக் கொட்டிலில் இருந்தது. பசுமைப் புரட்சியோடு வந்த கொடிய கிருமிநாசினிகள் அறுபதுகளிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் புகுந்தன. கோபமும் அழுகையும் எக்காலத்திலும் வீட்டில் இருந்தவை; அவற்றுக்கு எட்டும் தூரத்தில் உயிர்கொல்லி இருந்தது புதுமை. இதை அறிந்தது எப்படி என்பதே நமக்கு முக்கியம். மருத்துவர் சிலர் வைத்தியசாலைக் கட்டிலருகே அமர்ந்து, பிழைத்தவர்களிடமே கேட்டனர். 2006இல் வெளிவந்த அவ்வாய்வில் நமது நாட்டுக் கிராமப்புற நோயாளர் 268 பேர் பதில் கூறினர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் முடிவு செய்ததற்கும் செய்ததற்கும் இடையே அரைமணி நேரமும் கழியவில்லை. பெரும்பாலோர் கைக்கு எட்டியதை எடுத்தனரேயன்றி, அதன் கொடுமையை ஆராய்ந்து எடுத்தவர்கள் அல்லர். சாகவே வேண்டும் என்ற நெடுநாள் தீர்மானம் அங்கே இல்லை. தாங்கமுடியாத ஓர் அரைமணி இருந்தது, அவ்வளவே.

அந்த அரைமணியைக் கடக்க வைத்தால் உயிர் தப்பும் என்பதுதான் அவர்கள் வாயிலிருந்து கிடைத்த செய்தி. 1980ஆம் ஆண்டின் கிருமிநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டம் முன்னரே ஒரு கருவியைத் தந்திருந்தது. மிகக் கொடிய வகைகள் 1984இல் தொடங்கி 1995இல் முற்றாக நிறுத்தப்பட்டன; 1998இல் இன்னுமொன்றும், 2008க்கும் 2011க்கும் இடையே மேலும் மூன்றும் நிறுத்தப்பட்டன. 1995ஆம் ஆண்டின் தடைக்குப் பின் மரணக் கோடு இறங்கியது. 1986 முதல் 1995 வரையுள்ள பத்தாண்டோடு ஒப்பிடுகையில், 1996 முதல் 2005 வரையுள்ள பத்தாண்டில் இவ்வகை மரணங்கள் 19,769 குறைந்தன என்று 2007இல் கணக்கிட்டனர். இருபது ஆண்டுகளில் காப்பாற்றப்பட்ட உயிர்கள் 93,000 என்பது பின்னைய மதிப்பீடு. விளைச்சல் விழுந்துவிடும் என்று அன்று சிலர் பயமுறுத்தினர். நெல் முதலிய பயிர்களின் விளைச்சலை ஆராய்ந்தபோது, அத்தடைகளால் அது குறைந்ததாகக் காணப்படவில்லை. இந்த 93,000 பேருக்கும் எவரும் சிலை வைக்கப்போவதில்லை. தாங்கள் காப்பாற்றப்பட்டவர்கள் என்பதே அவர்களுக்குத் தெரியாது. நமது கூட்டங்களில் சில வேளை அவர்களும் வந்து இருப்பார்கள்.

ஆனால் நல்லெண்ணமும் அறிவும் உள்ளவர்கள் வகுத்த வழியெல்லாம் வென்றுவிடுவதில்லை. கிருமிநாசினிப் போத்தலைப் பூட்டி வைக்க வீடுதோறும் பெட்டி கொடுத்தால் என்ன என்ற யோசனை பிறந்தது. கேட்பவர் யாருக்கும் நியாயமாகவே தோன்றும். வட மத்திய மாகாணத்திலே 180 கிராமங்களில், 53,000க்கு மேற்பட்ட வீடுகளில் அதைச் சோதித்தனர். பாதிக் கிராமங்களுக்குப் பெட்டி, பாதிக்கு இல்லை. மூன்று ஆண்டு பொறுத்துப் பார்த்தனர். 2017இல் முடிவு வெளிவந்தது: பெட்டி கொடுத்த கிராமங்களுக்கும் கொடாத கிராமங்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதனைத் தோல்வி என்று மறைக்காது உலகறிய வெளியிட்டார்களே, அதற்காக அவ்வாராய்ச்சியாளரை நாம் மெச்ச வேண்டும். பூட்டைத் திறக்கும் சாவி அந்த வீட்டாரிடமே இருக்கிறது அல்லவா? வயலிலிருந்து அலுத்துவரும் மனிதன் நாள்தோறும் பெட்டியைப் பூட்டுவானா? இதை ஒரு கமக்காரப் பெண்மணியிடம் தொடக்கத்திலேயே கேட்டிருந்தால், ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பாளோ என்று நமக்குத் தோன்றுகிறது. பின்னர் ஆராய்ச்சியாளர் கிருமிநாசினிக் கடைக்காரரை நாடினர். கலங்கிய முகத்தோடு வருபவரை இனங்காணவும், நயமாகப் பேசி விற்பனையை மறுக்கவும் அவரைப் பழக்கலாமா என்பது இப்போதைய கேள்வி. கடைக்காரர் ஆராய்ச்சியில் ஒரு பங்காளி ஆகிறார். இது புதுமை, நல்ல புதுமை.

இனி ஒரு கசப்பான உண்மை. இறந்தோர் தொகை குறைந்ததேயன்றி, நஞ்சுண்டு வைத்தியசாலைக்கு வருவோர் தொகை அவ்வாறு குறையவில்லை. கொடிய மருந்து கிடையாததால் பலர் பிழைக்கிறார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்த துன்பம் வீட்டில் அப்படியே காத்திருக்கிறது. ஆண்டுதோறும் இன்றும் 3,000 பேருக்கு மேல் இழக்கிறோம். தடைச்சட்டம் செய்யக்கூடியதைப் பெரும்பாலும் செய்துவிட்டது. மிச்சமுள்ளதைச் செய்ய, பிழைத்தவர்களோடு உட்கார்ந்து பேசியே ஆகவேண்டும்.

அப்படி உட்கார்ந்து பேசியவர்கள் சிலர் உண்டு. 1974இல் நமது நாட்டில் தொடங்கிய சுமித்ரயோவும், 1986இல் சென்னையில் தொடங்கிய சிநேகாவும் செவிகொடுப்பதையே தொண்டாகக் கொண்டவை. உலகச் சுகாதார நிறுவனம் ஐந்து நகரங்களிலே ஒரு சோதனை நடத்தி 2008இல் வெளியிட்டது. அவ்வைந்தில் கொழும்பும் சென்னையும் அடங்கும். பிழைத்து வந்த 1,867 பேருள் ஒரு பகுதியாருக்கு வழக்கமான வைத்தியம் மட்டும் கிடைத்தது. மற்றப் பகுதியாருடன் ஒரு மணி நேரம் ஆறுதலாகப் பேசினர். பின்னர் 18 மாதத்தில் ஒன்பது முறை வீட்டுக்குச் சென்றோ தொலைபேசியிலோ நலம் விசாரித்தனர். பதினெட்டு மாத முடிவில், வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களுள் நூற்றுக்கு 2.2 பேர் தம்முயிரை மாய்த்திருந்தனர். நலம் விசாரிக்கப்பட்டவர்களுள் நூற்றுக்கு 0.2 பேர். விலையுயர்ந்த மருந்தல்ல, பெரிய இயந்திரமல்ல. ஒன்பது முறை, “எப்படி இருக்கிறீர்கள்?” என்ற கேள்வி. அதையும் கதவடியில் நின்று ஊர்க்கதை கேட்கும் பாங்கில் கேட்கவில்லை, பொறுப்புணர்ந்து, நாள் குறித்து, வந்து கேட்டனர்.

இன்னுமோர் எடுத்துக்காட்டைக் கனடாவிலிருந்து தருவோம். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து ஆதிகுடிகளின் இளைஞரிடையே இத்துயரம் மிக அதிகம் என்று எல்லோரும் பேசிவந்தனர். மைக்கேல் சாண்ட்லர், கிறிஸ்தோபர் லலோண்ட் என்னும் இருவர் சராசரியை நம்பாமல் சமூகம் சமூகமாகப் பிரித்துப் பார்த்தனர். 1998இல் வெளிவந்த அவர்களது ஆய்வு கூறியது: ஏறத்தாழ 200 சமூகங்களுள் பாதிக்கு மேற்பட்டவற்றில், ஆராய்ந்த அந்த ஆண்டுகளில் ஓர் இளைஞர் மரணமேனும் இல்லை, துயரம் முழுவதும் மற்றச் சில சமூகங்களில் திரண்டிருந்தது. தம் காணிக்குப் போராடியவை, தம் பாடசாலையையும் சுகாதார நிலையத்தையும் தாமே நடத்தியவை, தம் பண்பாட்டுக்கு ஒரு மண்டபம் வைத்திருந்தவை, இவற்றிலெல்லாம் விகிதம் குறைவு. அத்தகைய ஆறு அடையாளங்களும் நிறைந்த சமூகங்களில் ஒரு மரணமும் பதிவாகவில்லை. “ஆதிகுடிகள் இப்படித்தான்” என்ற பேச்சு அன்றோடு பொய்த்தது. எப்போதும் நோயாளரையே பார்த்திருந்த கண், நலமாயிருந்தவரையும் பார்த்ததால் கிடைத்த அறிவு இது.

உலகில் 2021இல் இவ்விதம் இறந்தோர் 727,000 பேர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நூற்றுக்கு 73 மரணம் வறிய நாடுகளிலும் நடுத்தர வருவாயுள்ள நாடுகளிலும் நிகழ்கிறது. ஆராய்ச்சியின் பெரும்பகுதியோ செல்வ நாடுகளிலே நடக்கிறது. அங்கே ஆங்கிலத்தில் தயாரித்த வினாத்தாளை மொழிபெயர்த்து நம் தாய்மாரிடம் நீட்டுகிறார்கள். “உமக்கு மனச்சோர்வு உண்டா?” என்றால் நம்மூர்த் தாய் இல்லையென்றே சொல்வாள். “ஒரே யோசினை, நெஞ்சு பாரமாய்க் கிடக்கு, இரவிலை நித்திரை இல்லை” என்பது அவள் மொழி. வினாத்தாளிலே அம்மொழிக்கு இடம் வேண்டும். அவளது யோசினைக்குள்ளே நுண்கடன் வசூலிக்க வருபவனின் மோட்டார்சைக்கிள் சத்தமும் உண்டு, காணாமற்போன மகனும் உண்டு. இந்தோனேசியாவிலே வறிய குடும்பங்களுக்கு அரசு பணவுதவி அளித்தபோது இம்மரணங்கள் குறைந்ததென 2019இல் வெளிவந்த ஆய்வு காட்டுகிறது. கடனையும் பசியையும் மனநோய்ப் பிரிவின் மாத்திரையால் மட்டும் தீர்க்கலாம் என்று எண்ணுவோர் இதைச் சற்றே யோசிக்கட்டும். மாத்திரை வேண்டியவர்க்கு மாத்திரை வேண்டியதே. அதை நிறுத்தச் சொல்வோர் பக்கம் நாம் இல்லை.

தமிழ்ப் பிரதேசத்தில் இவ்வாராய்ச்சி புதிதன்று. யாழ்ப்பாணத்து மருத்துவர்கள் எண்பதுகளின் தொடக்கத்திலேயே கணக்கெடுத்து எழுதினர். பேராசிரியர் தயா சோமசுந்தரமும் உடன் ஆய்ந்தவரும் 1995இல் வெளியிட்ட கட்டுரை, போர் மூண்ட காலத்தில் வடக்கில் இம்மரணங்கள் குறைந்தன என்று காட்டியது. தூர்க்கைம் ஐரோப்பாவில் கண்டதும் அதுவே. ஆபத்து வெளியே நின்றபோது சனங்கள் ஒருவரையொருவர் பற்றி நின்றனர். ஆபத்து நீங்கியபின் பற்றி நிற்பது எது என்ற கேள்வியை இன்னும் நாம் முழுமையாகக் கேட்கவில்லை. வன்னியிலும், மட்டக்களப்பிலும், மலையகத்து லயங்களிலும், அவரவர் சொல்லிலேயே கேட்க வேண்டிய கேள்வி அது.

எல்லாரையும் சேர்ப்பது என்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. பிழைத்த ஒரு பிள்ளையை மேடையிலே ஏற்றி, “உன் கதையைச் சொல்லு” என்று கேட்பதற்குப் பெயர் ஆராய்ச்சியன்று. கொழும்பில் பெயரை மறைத்தால் ஆள் மறையும். நமது கிராமத்திலோ, “இருபது வயது, தையற்காரி, தகப்பன் இல்லை” என்று எழுதினாலே போதும். அடுத்த நாள் சந்தையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆகவே கதை கேட்கும் முன்னமே, எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது, எழுதியதை முதலில் எவர் படிப்பது என்று முடிவுசெய்யும் மேசையில் அவர்களுக்கு ஆசனம் இருக்க வேண்டும். அவர்களது நேரத்துக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் கைக்காசு போகக்கூடாது. இடையில் வேண்டாமென்று எழுந்து போக உரிமை வேண்டும். இழந்த குடும்பத்தாருக்கும் அவ்வாறே.

நமது சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். அங்கத்தவர் இடாப்பை எடுத்துப் பாருங்கள். சில பெயர்கள் ஒரு குறித்த மாதத்தோடு நின்றுவிடுகின்றன. சந்தா இல்லை, பூசைக்கு வரவில்லை, விளையாட்டுப் போட்டிக்கும் இல்லை. நாமும் போய்க் கேட்கவில்லை. செத்தவீடு என்றால் பந்தற்கால் நடுவது முதல் அந்தியேட்டிவரை ஓடியாடும் நாம், இவ்வகைச் செத்தவீடென்றால் வேலியோரம் நின்று மெதுவாகப் பேசிவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அந்த வீட்டுத் தம்பி தங்கைகள் அதைக் காண்கிறார்கள். வைத்தியசாலையிலிருந்து பிழைத்து வந்தவரின் வீட்டுக்கோ ஒருவரும் போவதில்லை. போனால் அவருக்கு வெட்கம் என்று நாமே தீர்மானித்துக்கொண்டோம். அவரிடம் எவரும் கேட்டதில்லை.

பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். இளைஞர்களையும் ஒன்று கேட்கிறோம். வட்சப்பிலே இத்தகைய மரணச் செய்தி வந்தால், படத்தோடும் கடிதத்தோடும் அடுத்தவருக்கு அனுப்புவது நீங்களே. வியன்னாப் பத்திரிகைகள் 1987இல் விட்ட பழக்கத்தை நாம் கையிலே வைத்திருக்கிறோம்.

நிர்வாக சபையின் முன்னே மூன்று யோசனைகளை எழுத்தில் வைத்திருக்கிறோம். பல்கலைக்கழகத்தாரோ வைத்தியசாலையாரோ நமது வட்டாரத்தில் இத்தகைய ஆய்வுக்கு வரும்போது, வாசிகசாலை மண்டபத்தைக் கொடுப்பதோடு நிற்காமல், வினாக்களை வகுக்கும் குழுவில் பிழைத்தோர் இருவரும் இழந்த குடும்பத்தார் இருவரும் இருக்க வேண்டும் என்று கேட்பது ஒன்று. மரணம் எவ்வாறு நிகழ்ந்தாலும், சங்கம் செய்யும் மரியாதையில் வேறுபாடு காட்டுவதில்லை என்று தீர்மானம் நிறைவேற்றுவது ஒன்று. பயிற்சி பெற முன்வரும் ஆண்கள் நால்வர், பெண்கள் நால்வரை வைத்தியசாலை மனநலப் பிரிவினரிடம் அனுப்பி, அவர்கள் சொல்லும் முறையில், விரும்பும் வீடுகளுக்கு மட்டும் ஒன்பது முறை போய்வரச் செய்வது ஒன்று. இரண்டாவதில் தான் வாதம் எழும் என்று எதிர்பார்க்கிறோம். வாதம் எழட்டும், ஆனால் வாக்கெடுப்பு அடுத்த பொதுக்கூட்டத்துக்கு மேலே தள்ளிப்போகக் கூடாது.

இக்குழுவுக்கு வர விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் தனியே பெயர் தரலாம். காரணம் கேட்கமாட்டோம், பெயர்ப் பட்டியலும் ஒட்டமாட்டோம். ஒட்டப்போவது ஒரேயோர் இலக்கம். தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி 1926. இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். அதை வாசிகசாலைக் கதவின் உட்புறத்திலே, படிப்பவரை எவரும் பார்க்க முடியாத பக்கத்தில் ஒட்டச் சொல்லியிருக்கிறோம்.